நிற்காத செல்கள்

"எனக்கும் வருமா, மேடம்?"

கேட்டவர் சத்தியசீலன். ஐம்பதைத் தாண்டியவர். கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தவர். அவருக்கு வழிகாட்டியாக அமைந்த குமுதினி அவரைவிட வயதில் சின்னவர்.



சத்தியசீலனின் அக்கா மார்பகப் புற்றுநோயில் இறந்தார். அண்ணனுக்கு எலும்பில் வந்தது. அவரும் பிழைக்கவில்லை.

செல்லுக்குள் பழுது இருந்தால், அது இரண்டாகப் பிரிந்து பெருகாமல் தடுத்து நிறுத்த ஒரு புரதம் உண்டு. அதை உண்டாக்கும் மரபணு நம் எல்லோரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. சத்தியசீலனுக்கு ஒரு பிரதி பிறவியிலேயே கெட்டிருந்தது. போன மாதம்தான் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது.

உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவர் சொன்னார்.

சத்தியசீலன் போகவில்லை.

அன்றிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு முதல் ஆளாக வந்தார். ஒரு சோதனை முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கினார். தன்னையறியாமல் கை, கட்டி ஏதும் இருக்கிறதா என்று கழுத்தைத் தடவிப் பார்க்கும். சட்டென்று இழுத்துக்கொண்டு இன்னொரு வேலையைத் தேடிப் போவார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

"வருமா, வராதான்னு மட்டும் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

குமுதினி அவரை நுண்ணோக்கியின் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்.

இரண்டு தட்டுகளில் செல்கள். இரண்டின் மேலும் புற ஊதா ஒளியைப் பாய்ச்சியிருப்பதாகச் சொன்னார். இரண்டிலும் டி.என்.ஏ. சேதமாகியிருக்கிறது. முதல் தட்டில் அந்தப் புரதம் ஒழுங்காக வேலை செய்கிறது. அடுத்ததில் இல்லை.

அந்தச் செல்களைப் பல மணி நேரம் தொடர்ந்து எடுத்துவைத்திருந்த படத்தை வேகமாக ஓட்டினார்.

முதல் தட்டில் செல்கள் பிரியாமல் அப்படியே நின்றன. வெகுநேரம் நின்றன. சில சுருங்கி இறந்தன. சில, பழுதைச் சரிசெய்துகொண்டு மெல்லப் பிரியத் தொடங்கின.

இரண்டாவது தட்டில் ஒன்று இரண்டானது. இரண்டு நான்கானது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டு நிறைந்தது.

"விஷயம் தெரியாத ஒருத்தர் வந்து பார்த்தா, எது நல்லா இருக்குன்னு சொல்வார்?" என்று கேட்டார் குமுதினி.

"ரெண்டாவதுதான்."

"ஏன்?"

"எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கு. ஒரு நிமிஷம்கூட நிக்கலையே."

"இங்க எல்லாரும் உங்களைப் பத்தி அதைத்தான் சொல்றாங்க."

சத்தியசீலன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த சோதனைக்கான நேரம் வந்துவிட்டதென்று மேசையில் கடிகாரம் ஒலித்தது. அது தானாக அடங்கும்வரை அவர் அசையவில்லை.

பிறகு கையுறைகளைக் கழற்றினார். ஆஸ்பத்திரியிலிருந்து காலையிலும் கூப்பிட்டார்கள், நான்தான் எடுக்கவில்லை என்றார். இன்றைக்கே போனால் ஸ்கேன் எடுப்பார்களா என்று கேட்டார்.

எடுப்பார்கள் என்றார் குமுதினி.

வாசல்வரை போனவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தனியாப் போக பயமா இருக்கு, மேடம்."

குமுதினி தன் வெள்ளை அங்கியை ஏற்கெனவே கழற்றிக்கொண்டிருந்தார்.