தம்பிக்கு விட்ட இடம்

"அம்மா, என் கர்ஜனைக்கு இப்போது யாரும் பயப்படுவதில்லை" என்றான் செம்பிடரி என்ற சிங்கம்.

பட்ட மரத்தில் உட்கார்ந்திருந்த கழுகு கீழே பார்த்தாள். காட்டில் எல்லாரும் அவளை மொட்டையம்மா என்பார்கள். பிணம் தின்கிறவளுக்கு என்ன ஞானம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். யார் எப்படிச் செத்தார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அதனால் அவள் யாருக்கும் முகஸ்துதி செய்ததில்லை.

செம்பிடரி மனக்குறையைக் கொட்டித் தீர்த்தான். அவனும் தம்பி கருஞ்சடையும் சேர்ந்து மூன்று கூட்டங்களைக் கட்டிக் காத்தவர்கள். எல்லையில் அந்நியன் எவனும் வாலாட்டியதில்லை. இப்போது தம்பி உயிரோடு இல்லை. அவனைக் கொன்ற மூன்று சிங்கங்கள் ஆற்றங்கரைக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு, குட்டிகளையும் ஒன்றுவிடாமல் கொன்றுவிட்டன. அடுத்தது மேட்டுக் கூட்டம். அங்கே செம்பிடரியின் நான்கு குட்டிகள் இன்னும் நடை பழகவில்லை.

"எங்கே, கர்ஜி பார்ப்போம்."

கர்ஜித்தான். மரத்தின் காய்ந்த பட்டை உதிர்ந்தது. நடுவில் சட்டென்று நிறுத்தினான், பிறகு மிச்சத்தையும் கர்ஜித்து முடித்தான்.

"நடுவில் ஏன் நிறுத்தினாய்?"

நிறுத்தியதே அவனுக்குத் தெரியவில்லை. யோசித்த பிறகுதான் பிடிபட்டது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பழக்கம். ஒருவன் தொடங்கி நிறுத்துவான், இன்னொருவன் எடுத்து முடிப்பான். கேட்பவர்களுக்கு ஏழெட்டுச் சிங்கம் நிற்பதுபோலத் தோன்றும்.

"அது தம்பிக்கு விட்ட இடம், அம்மா. அதைக் கேட்டுத்தான் நான் தனியாள் என்று தெரிந்துகொண்டார்கள். இனி நிறுத்தமாட்டேன்."

வந்த காரியம் முடிந்தது என்று கிளம்பினான்.

"கருஞ்சடையை அவர்கள் சூழ்ந்தபோது நீ எங்கே இருந்தாய்?"

செம்பிடரி நின்றான். மேட்டில் படுத்துக் கிடந்ததாகச் சொன்னான். ஆற்றங்கரைக் குட்டிகள் எல்லாம் தம்பியின் சாயலில் பிறந்திருந்தன. அவன் பிள்ளைகளை அவனே காத்துக்கொள்ளட்டும் என்று அன்று நினைத்ததையும் சொன்னான். சொல்லும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவன் கர்ஜித்தது உன் காதில் விழுந்ததா?"

"விழுந்தது."

"நடுவில் நிறுத்தினானா?"

செம்பிடரி ஆற்றங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மூன்று முறை, அம்மா."