குளத்தில் மிஞ்சிய தண்ணீர்

ஒரு காட்டில் எந்நேரமும் பேச்சு நடக்கும் பாறை ஒன்று இருந்தது. பழத்தை யார் பறிப்பது, தண்ணீரை எப்படிப் பங்கிடுவது, காட்டை எப்படி நடத்துவது என்று யோசனை உள்ள விலங்குகள் எல்லாம் அதன் மேல் ஏறிப் பேசும். மேலே மரத்தில் மைனாக்கள் காத்திருக்கும். பேச்சில் ஒரு வாய் அளவு கவ்விக்கொண்டு பறந்து, காடு முழுக்கச் சொல்லிவிடும். கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தால் வாலை ஆட்டுவார்கள். எத்தனை வால் ஆடியது என்று மைனாக்களே திரும்பி வந்து சொல்லும். அடடா, அந்தச் செய்தியைக் கேட்பதில் எவ்வளவு சுகம் தெரியுமா, குழந்தைகளே!

அந்தச் சுகத்தை நன்றாக அறிந்தது கீரி. வாதத்தில் அதை மடக்க ஆள் கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரக் கீரிதான். யோசிக்காமல் எதையும் பேசாது.

ஒரு கோடையில் குளம் வற்றத் தொடங்கியது. கரையும் இடிந்து கிடந்தது. யானைத் தலைவர் பாறையடிக்கு வந்து, "என்ன செய்யலாம், சொல்லுங்கள்" என்று கவலையோடு கேட்டார்.

"ஒரு முறை குடிக்க ஒரு கல்!" என்றது கீரி. "சும்மா கிடைப்பதால்தானே வீணாக்குகிறார்கள்? குடிக்க வருகிறவர் கரைக்கு ஒரு கல் கொண்டுவரட்டும். தேவைக்கு மட்டும்தான் வருவார்கள். கரையும் உயரும், தண்ணீரும் மிஞ்சும். எல்லோருக்கும் ஒரே சட்டம்!"

காடெங்கும் வால்கள் ஆடின. கீரி மகிழ்ச்சியோடு குளக்கரைக்குப் போய் முதல் கல்லை வைத்தது.

அதற்குள் ஆமை மெல்ல மெல்லப் பாறை மேல் ஏறியது. அது ஏறி முடிப்பதற்குள் பாதி மைனாக்கள் அலுத்துப் பறந்துவிட்டன.

"தம்பி சொன்னது நல்ல யோசனை. கரைக்குக் கல் வேண்டியதுதான். ஆனால் எல்லோராலும் கல் தூக்க முடியுமா என்று பார்த்துவிட்டு..." என்று ஆமை சொல்லிக்கொண்டிருக்கும்போதே மீதி மைனாக்களும் பறந்துவிட்டன.

"ஆமைக்குக் கல் தூக்க வலிக்கிறதாம்!" என்று செய்தி போனது.

கேட்ட கீரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாலடி நடந்து போய், "என்ன சொன்னீர்கள், அக்கா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "முதுகில் ஓட்டையே சுமக்கிறவருக்கு ஒரு கல் பாரமா?" என்று மைனாக்களிடம் பதில் சொல்லி அனுப்பியது. அப்பப்பா, அன்று ஆடிய வால்களைச் சொல்லி மாளாது!

சட்டம் வந்தது. கரை உயர்ந்தது. கடும் வெயிலிலும் குளத்துத் தண்ணீர் அவ்வளவாகக் குறையவில்லை. "பார்த்தீர்களா, தண்ணீர் மிஞ்சிவிட்டது!" என்று கீரி பாறை மேல் நின்று சொன்னது. சந்தோஷத்தில் அதற்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் கீரியின் வளைக்கு முன்னால் ஆமை வந்து நின்றது.

"ஏன் அக்கா, பாறையில் வந்து பேசியிருக்கலாமே?" என்றது கீரி.

"அங்கே பேசினால் என்னை ஜெயிக்கத்தான் உனக்குத் தோன்றும், தம்பி. தண்ணீர் மிஞ்சியது உண்மை. யார் குடிக்காததால் மிஞ்சியது? அதைப் பார்த்தாயா?"

சுடச்சுட ஒரு பதில் கீரியின் நாக்கு நுனி வரை வந்தது. கீரி அதை விழுங்கிக்கொண்டது. நியாயமான கேள்வி ஒன்று காதில் விழுந்துவிட்டால் அதற்கு இருப்புக் கொள்ளாது. அந்தக் குணத்துக்காகவே அதை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

கீரி குளக்கரையில் போய் உட்கார்ந்து கவனித்தது. யானை ஒரு கல்லைப் போட்டுவிட்டு வயிறு நிறையக் குடித்தது. பன்றிகள் வந்தன, எருமைகள் வந்தன. குருவிகளைக் காணோம். முயல்களையும் காணோம். கீரி புதர் புதராகத் தேடிக்கொண்டு போனது.

ஒரு முட்புதர் நிழலில் கால் ஒடிந்த புள்ளிமான் ஒன்று படுத்திருந்தது. பக்கத்தில் அதன் குட்டி துவண்டு கிடந்தது.

"ஏனம்மா, குளத்துக்கு வரவில்லையா?"

"கல்லை உருட்டிவரக் காலில் தெம்பில்லை, அண்ணா. தண்ணீர் இல்லாமல் எனக்குப் பாலும் வற்றிவிட்டது. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றார்கள். நான் யாரிடம் போய்க் கேட்பேன்?"

குட்டி தலையைத் தூக்கி, ஈரம் இருக்குமோ என்று கீரியின் முகத்தை நக்கிப் பார்த்தது. கீரி விழுந்தடித்துக்கொண்டு பாறைக்கு ஓடியது.

"நான் சொன்னது தப்பு!" என்று கத்தியது.

மைனாக்கள் பறக்க மறந்து உட்கார்ந்திருந்தன.

"யாரும் வீணாக்காததால் தண்ணீர் மிஞ்சியது என்று நினைத்தேன். இல்லை. கல் சுமக்க முடியாதவர்கள் தாகத்தில் கிடக்கிறார்கள். அவர்கள் பங்குதான் குளத்தில் கிடக்கிறது. ஆமையக்கா அன்றைக்கே சொன்னார். நான்தான் காது கொடுக்கவில்லை."

ஒரு வால்கூட ஆடவில்லை. அத்தனை பேர் முன்னால் அப்படி நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கீழே இருந்து ஆமை குரல் கொடுத்தது. "முழுக்கத் தப்பில்லை, தம்பி. கரை உயர்ந்ததே, அது உன் மூளை. கல்லை மட்டும் வயிற்றுக்குத் தகுந்தபடி வைத்தால் என்ன?"

"ஆமாம் அக்கா! பெரிய வயிற்றுக்குப் பெரிய கல். குருவிக்குக் கல்லே வேண்டாம்."

"முடியாதவர்களுக்கு?"

"முடிந்தவர்கள் சேர்த்துச் சுமக்கட்டும்!"

யானைத் தலைவர் குனிந்து தம் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். "அப்படியானால் நான் பாறையையே தூக்க வேண்டும் போலிருக்கிறதே!" என்று சிரித்தார். "சரி, தூக்குகிறேன். முதலில் அந்த மான் எங்கே என்று காட்டு."

யானையின் காலில் சாய்ந்து சாய்ந்து மான் குளத்துக்கு வந்து சேர்ந்தது. குட்டியும் தள்ளாடிக்கொண்டே பின்னால் வந்து, தண்ணீரில் வாயை வைத்தது.

அப்போது ஒரு மைனா கீரியின் அருகே வந்து இறங்கியது. "ஆமையிடம் கீரி தோற்றது என்று காடெல்லாம் பேச்சு! சூடாக ஒரு பதில் சொல்லேன், கொண்டுபோகிறேன்."

"உஷ்! மெல்லப் பேசு," என்றது கீரி. "குட்டி குடிக்கிறது. பயந்துவிடப் போகிறது."

நீதி: வாதத்தில் ஜெயிப்பவரைவிட, தன் தவறைக் கண்டதும் எல்லோர் முன்னும் சொல்லித் திருத்திக்கொள்பவரே பெரிய அறிவாளி.