உண்ணிப்பூ சொன்ன இல்லை

உப்பு வண்டிகள் ஊர் ஊராகப் போன காலம் அது. பெருவழி ஒன்றில் சத்திரம் வைத்திருந்தான் சிற்றம்பலவன் என்ற வணிகன். யார் வந்தாலும் சோறு போடுவான். நல்ல மனிதன்தான். ஆனால் 'இல்லை' என்ற சொல் மட்டும் அவன் வாயில் வராது. சொன்னால் பேர் கெட்டுவிடுமாம்!

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஒருநாள் காலையில் பானையில் அரிசி இல்லை. பக்கத்து ஊரில் கேட்கலாமே என்றாள் மனைவி உமையாள். செத்தாலும் கேட்க மாட்டேன் என்றான்.

முதலில் ஒரு நெசவாளி வந்தார். உட்காருங்கள், இதோ இலை போடுகிறோம் என்றான். அடுத்து ஒரு சாமியார் வந்தார். அவரிடமும் அதையே சொன்னான். மூன்றாவதாக, கூடை முடைகிற வள்ளியக்காள் கைக்குழந்தையோடு வந்தாள். அவளிடமும் அதேதான்.

உச்சி வெயில் ஏறியது. இலையையே காணோம், சோற்றுக்கு எங்கே போவது? ஆண்கள் இருவரும் முணுமுணுத்துக்கொண்டே நடையைக் கட்டினார்கள். வள்ளியக்காள் எழுந்தாள், எழுந்தவள் மயங்கி விழுந்தாள். குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. உமையாள் ஓடிப்போய் ஆட்டுப்பால் கறந்து வந்து இருவருக்கும் புகட்டினாள். நல்ல காலம், பிழைத்துக்கொண்டார்கள்.

கண் விழித்த வள்ளியக்காள் சொன்னாள்: "இல்லைன்னு காலையிலேயே சொல்லியிருந்தா, வெயிலுக்கு முன்னாடி அடுத்த ஊருக்குப் போயிருப்பேனே, ஐயா."

சிற்றம்பலவன் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தான். சாலையோரம் போய் உட்கார்ந்தான். எதிரே ஓர் உண்ணிப்பூப் புதர். நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஒரே கொத்தில் நடுவே மஞ்சள், ஓரத்தில் சிவப்பு. ஒரு தேனீ வந்தது. மஞ்சளில் குடித்தது, சிவப்பைத் தொடவில்லை. அடுத்த தேனீயும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. தேன் இருக்கும்வரை மஞ்சள், தீர்ந்துபோனால் சிவப்பு. அடடா, மிளகு அளவுப் பூவுக்கு எவ்வளவு பெரிய மனசு! ஒரு தேனீயைக்கூட அது வீணாகக் காக்க வைப்பதில்லை. தேனீயும் கோபித்துக்கொள்ளாமல் மறுநாள் அதே புதருக்குத்தான் வருகிறது.

சிற்றம்பலவன் விறுவிறுவென்று உள்ளே போனான். உமையாளின் பழைய சிவப்புச் சேலையை எடுத்து வாசலில் உயரக் கட்டினான். இன்று சோறு இல்லை என்று வழிப்போக்கர்களிடம் சொல்லியனுப்பினான். பிறகு வெட்கம் தாங்காமல் போய்ப் படுத்துக்கொண்டான்.

சாயங்காலம் வாசலில் ஒரே சத்தம். சேதி கேட்டுப் பக்கத்து ஊரே திரண்டு வந்திருந்தது. ஆளுக்கொரு படி கம்பு, கேழ்வரகு, இருந்தவர்கள் கையில் அரிசி. "எங்க பிள்ளைங்க எத்தனை பேர் இங்கே சாப்பிட்டுப் போயிருக்கு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று அவனைப் பிடித்துத் திட்டினார்கள். அவன் அழுதேவிட்டான். அன்று ராத்திரி முதல் இலை வள்ளியக்காளுக்குப் போட்டான்.

கொடுக்க இல்லாத நேரத்தில், இல்லை என்று உடனே சொல்வதும் ஒரு கொடைதான்.