பவளத்துறை இறால் வடை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடல் இப்போது இருப்பதைவிட இரண்டு முழம் கிட்டே இருந்தபோது, பவளத்துறை என்றொரு பட்டணம் இருந்தது. அந்தப் பட்டணத்துத் துறைமுகத்தில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி தீனிச் சந்தை கூடும். அங்கே பானை வாங்க முடியாது, மாடு பிடிக்க முடியாது. தின்னத்தான் முடியும். கரை நெடுக அடுப்பு, அடுப்பின் மேல் சட்டி, சட்டிக்கு முன்னால் ஜனம்.

அந்தச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. எதை வாங்கினாலும் மேலே கொஞ்சம் கொசுறு போடுவார்கள். நாலு பணியாரம் வாங்கினால் ஐந்தாவது தானாக வந்து விழும். கொசுறு போடாத கடையை அங்கே யாரும் கடை என்றே சொல்ல மாட்டார்கள்.

மலையடிவாரத்தில் விறகு வெட்டுகிற சடையாண்டியும் அவன் மனைவி வடிவும் ஒரு பௌர்ணமியன்று சந்தை பார்க்க வந்தார்கள். கல்யாணமாகி ஏழு மாதத்தில் இருவரும் சேர்ந்து வெளியே கிளம்பியது அதுதான் முதல் தடவை. சடையாண்டி தங்கமானவன். கோடாலியைத் தூக்கினால் நாலு ஆள் வேலை செய்வான். இலை போட்டால் எட்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவான். அதைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வராது, பசிதான் வரும்.

முதல் கடையில் பணியாரம்.

"போதும் மாமா, வாங்க" என்றாள் வடிவு.

"ஒரே ஒரு வாய் புள்ள!" என்றான் சடையாண்டி.

இரண்டாவது கடையில் சுறாப்புட்டு.

"மாமா, வயிறா வண்ணான் சாலா?"

"ஒரே ஒரு வாய் புள்ள!"

வடிவு சிரித்துக்கொண்டே கை கழுவப் போனாள். அவன் மூன்றாவது கடைக்குப் போனான். அங்கே இறால் வடை. கடைக்காரன் நெட்டை ஆள், காதுவரை மீசை, பெயர் மகரகண்டன். அவன் மந்திரவாதி என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். சடையாண்டிக்குத் தெரியாது.

"கொசுறு உண்டாண்ணே?"

"கொசுறும் கிடையாது, கிசுறும் கிடையாது. காசை வை, வடையைத் தின்னு."

முதல் வடைக்குக் கால் குட்டையானது. இரண்டாவது வடைக்கு உடம்பெல்லாம் இறகு முளைத்தது. அவன் குனிந்து பார்த்தானா? எங்கே, தின்றுகொண்டல்லவா இருந்தான்! மூன்றாவது வடை உள்ளே போனதும் தொப்பென்று ஒரு கூழைக்கடாவாகி நின்றான். வாய்க்குக் கீழே பை தொங்குமே, அந்தப் பறவைதான். அவனவன் தன் இலையைப் பார்க்கிற இடத்தில் இதை யார் கவனிப்பார்கள்?

வடிவு திரும்பி வந்தாள். புருஷனைக் காணோம். கடைக்குப் பக்கத்தில் படகுகளின் பாய்மரக் கம்புகளிலெல்லாம் கூழைக்கடாக்கள் உட்கார்ந்திருந்தன. அதில் ஒன்றின் கழுத்தில் சடையாண்டியின் சிவப்புத் துண்டு. அவளைப் பார்த்ததும் அது பெரிய வாயைத் திறந்தது.

"ஒரே ஒரு வாய்னுதான் புள்ள நெனச்சேன்..." என்று அழுதது.

வடிவு ஓவென்று அழுதாள். அப்போது பக்கத்துக் கம்பிலிருந்த கிழப் பறவை பேசியது.

"அழாத தாயி. நான் காலையில வரைக்கும் படகோட்டி இருளப்பன். இன்னிக்கு இவன் கடையில மொதல்ல தின்னவன் நான்தான். இவன் வடையத் தின்னாதவங்களுக்கு எங்க பேச்சு கேக்கும். கேட்டவங்க எல்லாம் பேய்னு ஓடிட்டாங்க, நீதான் நிக்கிற. பொழுது சாஞ்சா எங்கள தீவுக்கு ஓட்டிட்டுப் போயி முத்துக் குளிக்க விடுவான். போனா திரும்ப வழியில்ல."

"இதுக்கு மாத்து கெடையாதாய்யா?"

"சட்டி வைக்கும்போது அவன் முணுமுணுத்ததக் கேட்டேன். வெல வாங்காம அவன் கையால ஒரு துண்டு குடுத்தாலும் போச்சு, மந்திரம் அத்தனையும் போச்சு. அதான் கொசுறு போடமாட்டேங்குறான்."

வடிவு வானத்தைப் பார்த்தாள். சூரியன் கடலுக்கு மேலே ஒரு பனை உயரத்தில் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

"நாலு வடை வாங்குறேன். கொசுறா ஒரு துண்டு போடுங்கண்ணே."

"கொசுறும் கிடையாது, கிசுறும் கிடையாது."

சூரியன் அரைப் பனை இறங்கியது. மயக்கம் வந்தவள்போல் கடை வாசலில் சாய்ந்தாள்.

"பசி உசுரு போகுதுண்ணே. ஒரு துண்டு குடுங்க, புண்ணியமாப் போகும்."

"புண்ணியம் வேண்டாம். காசை வை."

சூரியன் தண்ணீரைத் தொட்டது. கம்பிலிருந்த பறவைகள் தங்கள் இஷ்டமில்லாமலே இறக்கையை விரித்தன. சிவப்புத் துண்டுப் பறவை "வடிவு! வடிவு!" என்று கத்தியது. அவள் துள்ளி எழுந்தாள். அந்த நேரத்தில்தான் எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது.

வடிவின் ஊரில் சாமிக்குப் படைப்பதை வாயில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். வாசம் பிடித்தே உப்புச் சொல்வார்கள். வடிவு அதில் கெட்டிக்காரி. அவள் சட்டிக்கு மேலே குனிந்து, நன்றாக மூச்சை இழுத்து, ஊருக்கே கேட்கிறமாதிரிச் சொன்னாள்:

"உப்பு கம்மி."

மகரகண்டனின் கரண்டி நின்றது. "என்ன சொன்ன?"

"உப்பு கம்மிண்ணே. கொசுறு போடாததும் நல்லதாப் போச்சு."

"வாயில வைக்காம எப்படிடி சொல்லுவ?"

"எங்க ஊர்ல வாசத்துலயே சொல்லிருவோம். இது சப்புனு இருக்கு."

கூட்டத்தில் ஒருவன் கையிலிருந்த வடையை முகர்ந்தான். "ஆமா, கொஞ்சம் கம்மிதான் போல" என்றான். இன்னொருவன் தலையாட்டினான். பார்த்தீர்களா, நம் ஜனத்தை! மகரகண்டனுக்கு மீசை துடித்தது. அவன் எதை வேண்டுமானாலும் பொறுப்பான், சமையலில் குறை சொன்னால் பொறுக்க மாட்டான்.

"என் வடையிலயா உப்பு கம்மி? முப்பது வருஷமா சுடுறேன்! இந்தா, தின்னு பாரு! தின்னு பாத்துட்டுப் பேசு!"

சூடான வடையைப் பிட்டு அவள் கையில் திணித்தான்.

வடிவு அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "எல்லாரும் பாத்துக்குங்க! நான் காசு குடுக்கல, அவர் கேக்கல!"

மகரகண்டனின் முகம் வெளுத்தது. அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது. கம்பிலிருந்த பறவைகள் மனிதர்களாயின. பாய்மரக் கம்பு பறவையைத் தாங்கும், விறகுவெட்டியைத் தாங்குமா? மடார் மடார் மடார் என்று கம்புகள் முறிந்து அத்தனை பேரும் கடலில் விழுந்தார்கள். சடையாண்டி நனைந்த வேட்டியோடு ஓடிவந்து, சந்தை மொத்தமும் பார்க்கப் பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள். தீவில் முன்பே சிக்கியவர்களும் மனிதர்களாகி, கிடைத்த கட்டையில் ஏறிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். தீவில் குளித்தெடுத்த முத்தையெல்லாம் வடிவின் முந்தானையில் கொட்டினார்கள்.

படகோட்டிகள் மகரகண்டனைப் பிடித்துக் கடலில் தள்ளத் தூக்கினார்கள். அவன் திமிறவில்லை. வடிவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. ஒண்ணு மட்டும் சொல்லும்மா. நெசமாவே உப்பு கம்மியா?"

வடிவு கையிலிருந்த துண்டை வாயில் போட்டாள். மென்றாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"இல்லண்ணே. உப்பு திட்டமா இருக்கு. வாசத்துலயே தெரிஞ்சுபோச்சு, பொய்தான் சொன்னேன். இந்தச் சந்தையிலயே இதுதான் நல்ல வடை."

அவ்வளவுதான், நெட்டை ஆள் மீசையோடு விம்மி விம்மி அழுதான். அவன் வடையைத் தின்ற யாரும் இதுவரை நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. சொல்வதற்குள்தான் பறவையாகிவிடுவார்களே! படகோட்டிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், அவனைக் கீழே இறக்கினார்கள். இருளப்பன் அடுப்பை மறுபடி பற்ற வைத்தான்.

அன்று நிலா உச்சிக்கு வரும்வரை மகரகண்டன் வடை சுட்டான். வாங்கியவர்களெல்லாம் "பிரமாதம்" என்றார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்டான்.

கதை சொல்லி எனக்கு வாய் வறண்டுவிட்டது, கேட்டு உங்களுக்குப் பசித்திருக்கும். எழுந்து போய்ச் சாப்பிடுங்கள். நன்றாயிருந்தால் சமைத்தவரிடம் சொல்லிவிடுங்கள்.