இரண்டே முக்கால் அடிக் கதவு

“அங்கே கதவே கிடையாது, வாத்தியாரே” என்றாள் குமுதவல்லி.

அங்கயற்கண்ணி சுடலைமணியைப் பார்த்து, இன்னொரு தடவை வாங்கண்ணே என்று மட்டும் சொன்னாள்.

சுடலைமணி மின்வாரியத்தில் லைன்மேன். ஆறடிக்கும் மேலே. பத்துத் தடவை வெளியே போய், பத்துத் தடவையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பதினோராவது தடவையும் அப்படியே வந்தார்.

“நிலை இடிச்சிருக்கும்ணே.”

“எந்த நிலை?”

கேட்டது சுடலைமணி இல்லை. குமுதவல்லிதான்.

கேள்வியில் நியாயம் இருந்தது. தரையில் இருந்தது சாக்பீஸ் கோடு. கோட்டால் ஒரு வீடு. கோட்டில் ஓரிடத்தில் இரண்டே முக்கால் அடிக்கு இடைவெளி, அதற்குப் பெயர் கதவு. அதற்கு மேலே நிலையும் இல்லை, சட்டமும் இல்லை. கல்யாண மண்டபத்து மின்விசிறி ஒன்று ஓடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

“பன்னிரண்டு” என்றாள் அங்கயற்கண்ணி.

சுடலைமணி வெளியே போனார்.

அங்கயற்கண்ணிக்குச் சொந்தமாக நாடகக் குழு கிடையாது. எந்த ஊர் கூப்பிட்டாலும் போய் நாடகம் போட்டுக் கொடுப்பாள். போன மாதம் ஒரு செவிலியர் சங்கம். அதற்கு முன்னால் ஒரு கல்லூரி விடுதி. இந்த மாதம் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மின்வாரிய ஊழியர்களின் மனமகிழ் மன்றம். தோளில் ஒரே பை. பைக்குள் இரண்டு சேலை, அளவு நாடா, ஒரு பெட்டி சாக்பீஸ். ஐந்து வாரம் இருப்பாள். நாடகம் தன் காலில் நிற்கத் தொடங்கியதும் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவாள்.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யைக்கு நாற்பத்து நான்கு.

குமுதவல்லி இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள். அந்தப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு நாடகம் பழக்க வந்த அங்கயற்கண்ணியை மூன்று வாரம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நான்காவது வாரம் ஒரு வருடத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் பின்னாலேயே கிளம்பிவிட்டாள். வீட்டில் இதற்குப் பைத்தியம் என்று பெயர் வைத்தார்கள். இதையே ஓர் ஆண் செய்திருந்தால் தேடல் என்று வைத்திருப்பார்கள்.

இவள் அவளை ‘வாத்தியாரே’ என்பாள். அவள் இவளை ‘டீச்சர்’ என்பாள். யாருக்கு யார் சிஷ்யை என்று ஊர்க்காரர்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அது ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆகவே மண்டபம் சும்மா கிடந்தது. மலையிலிருந்து சாரல் வந்து ஜன்னல் கம்பிகளில் தொங்கிவிட்டுப் போகும். மணமேடையில் யாரோ விட்டுப்போன சரிகைத் தோரணம் காற்றில் தானாகப் பேசிக்கொண்டிருக்கும்.

மன்றத்து ஆட்கள் அலுவலகம் முடிந்து மாலையில் வருவார்கள். அவர்கள் போனதும் இசக்கியம்மாள் ஈரத்துணி போட்டு மண்டபத்தைத் துடைப்பாள். வீடு போய்விடும். மறுநாள் மறுபடி வரைய வேண்டும்.

அந்த வேலை குமுதவல்லியுடையது. நாடாவை நீட்டி, மூன்று நான்கு ஐந்து என்று அளந்து, மூலைகளைச் செங்கோணமாக நிறுத்தி, ஒரு நாளும் நூலளவு பிசகாமல் போட்டாள். அங்கயற்கண்ணி ஒரு நாளும் சரிபார்த்ததில்லை.

நாடகக் கதை சின்னது. புறவழிச் சாலைக்காக நாளைக் காலையில் இடிக்கப்போகும் வீடு. அதில் கடைசிப் பகல். வீட்டைக் கட்டிய அப்பா குள்ளம். தன் உயரத்துக்கு நிலை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மருமகன் முப்பது வருடமாகக் குனிந்துகொண்டிருக்கிறான்.

பன்னிரண்டாவது தடவை சுடலைமணி குனிந்தார்.

“தாழ்ப்பாள் மழைக்காலத்துல இறுகும்ணே. கொஞ்சம் தூக்கித் தள்ளணும்” என்றாள் அங்கயற்கண்ணி.

இதற்கு மேல் குமுதவல்லியால் பொறுக்க முடியவில்லை.

எல்லாரும் டீ குடிக்கப் போனதும் பிடித்துக்கொண்டாள். ப்ளைவுட்டில் ஒரு கதவு செய்ய வாத்தியார் விடவில்லை, சரி. வேறு எதையாவது வைக்கலாம், அதற்கும் வாத்தியார் ஒப்பவில்லை, அதுவும் சரி. ஆனால் ஊர் வந்து உட்காரப்போகிறதே, அந்த ஊருக்கு என்ன பதில்? இல்லாத வீட்டை இடித்தால் எவன் அழுவான்? வீடு பறிபோன சனம் இதே ஊரில் இருக்கிறது. அவர்கள் முன்னால் நான்கு கோட்டைப் போட்டு இதுதான் வீடு என்றால் அது கேலி இல்லையா?

பேசப் பேச அவளுக்கே நியாயம் கூடிக்கொண்டு போனது. கடைசியில் பைக்குள் கைவிட்டு ஒரு பழுப்பு உறையை எடுத்தாள்.

“ஞாயித்துக்கிழமையோட என் விடுப்பு முடியுது. ராஜினாமா எழுதிட்டேன். கையெழுத்து மட்டும் போடல. அந்தக் கதவைப் பாத்த ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, போட்டுருதேன். இல்லன்னா திங்கக்கிழமை பள்ளிக்கூடம்.”

“ஒருத்தர் போதுமா டீச்சர்?”

“இருக்குன்னு நிரூபிக்க ஒண்ணு போதும். இல்லன்னு சொல்லத்தான் எல்லாரையும் பாக்கணும்.”

அங்கயற்கண்ணி தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

ஆளைக் காட்டுவாள் என்று குமுதவல்லி காத்திருந்தாள். அவள் காட்டவில்லை. ஆகவே தானே தேடினாள்.

புதன்கிழமை மன்றச் செயலாளர் ஒத்திகை பார்க்க வந்தார். முழுசும் பார்த்தார். கதவு எப்படி இருந்தது என்று குமுதவல்லி கேட்டாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஆசாரி என்றைக்கு வருகிறார் என்று திருப்பிக் கேட்டார்.

இசக்கியம்மாளிடம் கேட்டாள். தினமும் கோடு கோடாகக் கிழித்து என் இடுப்பை ஒடிக்கிறதுக்கு எவ கண்டுபிடிச்ச நாடகம் இது என்றாள் இசக்கியம்மாள்.

சுடலைமணி இப்போதெல்லாம் சொல்லாமலே குனிந்தார். ஆனால் அவர் கணக்கில் சேரமாட்டார். பன்னிரண்டு தடவை விரட்டினால் மின்கம்பம்கூடக் குனியும்.

ஒவ்வொரு முடிவையும் குமுதவல்லி வாத்தியாரிடம் போய்ச் சொன்னாள். அவள் ஒவ்வொன்றுக்கும் “சரி” என்றாள். எதிர்த்துப் பேசாதவளிடம் எப்படி வாதம் செய்வது?

வியாழக்கிழமை அங்கயற்கண்ணி, ஒளி அமைப்புக்குக் குறிப்பு எழுதிக்கொண்டே, அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

“கிழக்க. காலையில வெயில் நேரா அடுப்பு மேல விழும்லா?” என்றாள் குமுதவல்லி.

சொல்லிவிட்டு, “ஜன்னல்னு ஒண்ணு இருந்தா” என்று சேர்த்துக்கொண்டாள்.

அங்கயற்கண்ணி, கிழக்கு என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மணமகன் அறைப் பாயில் கண்ணயர்ந்தபோது குமுதவல்லிக்கு ஒரு கனவு வந்தது. ஓட்டின்மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவள் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தாள்களில் எண்களே இல்லை, ஒவ்வொன்றிலும் ஈரமான ஒரு வேப்பிலை மட்டும் ஒட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டாள். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். திறக்க எழுந்தாள், விழித்துவிட்டாள்.

தட்டியது யார் என்று தெரியாமல் போனதில் ஒரு கோபம். தெரிந்துகொள்ள ஆசைப்பட்டோமே என்பதில் இன்னொரு கோபம்.

சனிக்கிழமை அழைப்பிதழ் வந்தது. அதில் செயலாளர் பெயர் இருந்தது. தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், வாழ்த்துரை வழங்குபவர் எல்லார் பெயரும் இருந்தன. ஒலிபெருக்கிக்காரர் பெயர் இருந்தது. மண்டபம் தந்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

இயக்குநர் பெயர் இல்லை.

குமுதவல்லி அழைப்பிதழை எடுத்துக்கொண்டு போய் வாத்தியார் மூக்குக்கு நேரே பிடித்தாள். ஐந்து வாரம் தொண்டை கிழியக் கத்தியது யார்? மேடைக்கு வந்தால் ஒரு நாற்காலி உண்டா நமக்கு? நாடகம் ஆரம்பிக்கிற நேரத்தில் நீங்கள் அடுத்த ஊர்ப் பஸ்ஸில் இருப்பீர்கள். போன ஊரில் அப்படித்தான், அதற்கு முந்தின ஊரிலும் அப்படித்தான். கையில் பிடித்துக் காட்ட ஒரு துரும்பு மிஞ்சுகிறதா இந்த வேலையில்?

அங்கயற்கண்ணி அழைப்பிதழை வாங்கினாள். நிதானமாக எட்டாக மடித்தாள். கோட்டு வீட்டின் அடுப்படி மூலையில் குமுதவல்லி உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் நாற்காலி ஐந்து வாரமாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் குட்டைக் காலுக்கு அடியில் மடிப்பைச் சொருகினாள்.

“உக்காருங்க டீச்சர்.”

குமுதவல்லி உட்கார்ந்தாள். ஆடவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைசி ஒத்திகை. மாலையில் மன்றத்து மைதானத்தில் நாடகம். மைதானத்தில் கோட்டை யார் போடுவது என்று குமுதவல்லி கேட்டதற்கு, அவங்களே போட்டுக்குவாங்க, சுடலைமணியண்ணனுக்கு அளவு தெரியும் என்றாள் அங்கயற்கண்ணி.

ஒத்திகை முடிந்து எல்லாரும் போனார்கள். வாத்தியாரின் பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. மூன்றரை மணிக்கு அடுத்த ஊர்ப் பஸ். அங்கே ஒரு கூட்டுறவு வங்கிக்காரர்கள் காத்திருந்தார்கள். மூன்று மணிக்கு இன்னொரு பஸ் உண்டு, அது குமுதவல்லியின் ஊருக்குப் போவது.

“ஒருத்தரும் பாக்கல, வாத்தியாரே.”

“சரி.”

“நான் வீட்டுக்குப் போறேன்.”

“சரி, டீச்சர்.”

ஒரு தடவையாவது போகாதீங்க என்று சொல்வாள் என்று நினைத்தாள். சொல்லவில்லை. குமுதவல்லி பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் வந்தார். பைக்குள் கைவிட்டாள். உறை இல்லை.

நாற்காலி. காலையில் வசனம் எடுத்துக் கொடுக்கும்போது உறையை மடியில் வைத்திருந்தாள். எழுந்தபோது நாற்காலியிலேயே வைத்துவிட்டாள். இசக்கியம்மாள் அதைச் செயலாளரிடம் கொடுப்பாள். அவர் பிரிப்பார். தபாலில் சேர்த்தாலும் சேர்ப்பார், பொறுப்பான மனுஷன்.

இறங்கிவிட்டாள்.

சாரலில் விறுவிறுவென்று நடந்தாள். செம்மண் தெரு கணுக்கால்வரை தெறித்தது. வழியெல்லாம் மனசுக்குள் வாத்தியாரோடு சண்டை. ஒரு வருஷம். ஒரு வருஷம் என்ன சொல்லிக் கொடுத்தீங்க எனக்கு? கோடு போட. கோடு போட எனக்குத் தெரியாதா? மண்டபப் படியில் செருப்பை உதறிவிட்டு, சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபடியே, குனிந்து உள்ளே போய், நாற்காலியிலிருந்து உறையை எடுத்தாள்.

உறைமேல் ஒரு பேனா இருந்தது. அவளுடையது அல்ல.

நிமிர்ந்தாள். அங்கயற்கண்ணி மணமேடை விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் குமுதவல்லியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குமுதவல்லியும் பார்த்தாள்.

இசக்கியம்மாள் துடைத்துவிட்டுப் போயிருந்தாள். அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. நடுவில் ஒற்றை நாற்காலி. வாசலுக்கும் நாற்காலிக்கும் இடையில் வெறும் ஈரத் தரை, கண்ணாடிபோல.

அதில் செம்மண் காலடிகள்.

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறைந்த தூரம் எது என்று இருபது வருடம் நடத்தியவளின் காலடிகள். அவை வாசலிலிருந்து நேராக நாற்காலிக்கு வரவில்லை. பாதியில் செங்கோணமாகத் திரும்பின. ஒரு சுவர் நீளத்துக்கு ஓரமாகவே நடந்தன. ஓரிடத்தில் இரண்டு பாதமும் சேர்ந்து நின்றன. பிறகுதான் உள்ளே வந்தன.

குமுதவல்லி வாயைத் திறந்தாள்.

“டீச்சர்” என்றாள் அங்கயற்கண்ணி, ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு. “கதவைத் திறந்து போட்டுட்டு வந்துட்டீங்க. சாரல் உள்ள அடிக்கி.”

குமுதவல்லி உறையைப் பற்களில் கவ்விக்கொண்டாள், இரண்டு கையும் வேண்டியிருந்தது. நான்கு எட்டு திரும்பி நடந்து, பாதங்கள் சேர்ந்து நின்ற இடத்தில் கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாள் இறுகியிருந்தது. கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டியிருந்தது.