புறாக்கூண்டுக்குள் மாப்பிள்ளை

கோணமங்கலத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த அண்ணன் தம்பி மூன்று பேரையும் பற்றி ஊரில் ஆயிரம் பேசுவார்கள். நான் ஒன்றுதான் சொல்வேன்: சொன்ன சொல்லை அப்படியே கேட்கிறவர்கள். வம்பெல்லாம் அதனால்தான் வந்தது.

மில்காரர் ஒருவர் ஆள் உயரத்துக்குப் புறாக்கூண்டு கேட்டிருந்தார். மூத்தவன் வடமலை, கடைசித் தம்பி பொன்னுரங்கத்தை நடுவில் நிறுத்தி, வேலை முடிகிறவரை கம்பியை விடாதே என்றான். இரண்டாமவன் கோதண்டம் சுற்றிலும் பற்றவைத்தான். வேலை முடிந்தது. பொன்னுரங்கம் உள்ளேயே இருந்தான். கூண்டுக்குக் கதவு இல்லாமல் இல்லை. புறா நுழையும் அளவுக்கு இருந்தது.

மறுநாள் காலை அவனுக்குக் கல்யாணம். செண்பகவல்லியைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சோறு தண்ணி சரியாக இறங்காமல் திரிந்தவன்.

"அண்ணே, முகூர்த்தத்துக்குள்ள என்னை வெளிய எடுத்துருவீங்கல்ல?" என்று கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக் கேட்டான். பாவமாகத்தான் இருந்தது.

வடமலை, சந்தையில் மலிவாக வாங்கிய புது ஆக்ஸா பிளேடால் கம்பியை அறுத்தான். பிளேடின் பல்லெல்லாம் கொட்டியது. கம்பியில் கீறல்கூட இல்லை. புது அரத்தால் ராவினான். ராவ ராவ அரம் வழுவழுவென்று ஆனது, கம்பிக்குப் பளபளப்பு ஏறியது. புது உளி வளைந்தது. புதுச் சுத்தியலின் தலை கழன்று பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் போய் உட்கார்ந்தது. புது கட்டிங் மெஷின், சுவிட்சைப் போட்டதும் ஒரு தரம் புகைவிட்டுப் படுத்துக்கொண்டது.

"வாழ்நாள் பூரா உழைக்கும்னு கடைக்காரர் சொன்னாரே" என்றான் பொன்னுரங்கம்.

"அவர் பொய் சொல்லலைடா. அதோட வாழ்நாளே அவ்வளவுதான்" என்றான் கோதண்டம்.

சுவரில் அப்பா காலத்து ஆக்ஸா தொங்கியது. தண்டவாளத்தையே அறுத்த சாமான், இன்னும் ஒரு பல் போகவில்லை. ஆனால் அப்பா கண் மூடும்போது, அதைக் கண்ட வேலைக்கும் எடுக்கக் கூடாது, வீட்டில் விசேஷம் என்றால் மட்டும் எடுங்கள் என்று சொல்லியிருந்தார்.

"கல்யாணம் விசேஷம்தானே அண்ணே?" என்றான் கோதண்டம்.

"அது நாளைக்கு. இன்னைக்கு என்ன விசேஷம்?"

கூண்டுக்குள் இருந்தவனும் நெடுநேரம் யோசித்தான். "அண்ணன் சொல்றதுதான் சரி" என்றான்.

ஆகவே விடிந்ததும் கூண்டை டெம்போவில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். பட்டு வேட்டியைப் புறாக்கதவு வழியாக உள்ளே கொடுத்தார்கள். பெண் வீட்டார் கேட்டதற்கு, மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது என்று வடமலை பவ்யமாகச் சொன்னான். மேளம் ஆரம்பித்ததும், கூடவே கொண்டுவந்திருந்த அப்பாவின் ஆக்ஸாவை எடுத்தான். வாழைத்தண்டு மாதிரி கம்பிகள் அறுந்து விழுந்தன. பொன்னுரங்கம் வெளியே வந்து தாலி கட்டினான். அவன் முகத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

பெண்ணின் தாய்மாமன் அட்சதை போட்டு, "இனிமே எந்த வேலைன்னாலும் ரெண்டு பேரும் சேர்ந்தே செய்யணும்" என்று ஆசீர்வாதம் செய்தார்.

சாயங்காலம் கூண்டைப் பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுவந்ததும் மில்காரரின் ஆள் வந்து நின்றான். கூண்டில் பெரிய ஓட்டை. அதை அடைக்க வேண்டுமே. வழக்கம்போல் பொன்னுரங்கம் உள்ளே போய்க் கம்பியைப் பிடித்தான். மாமன் சொல்லைத் தட்டாத செண்பகவல்லியும் பின்னாலேயே போய் மறுமுனையைப் பிடித்தாள். மானம் போகக் கூடாது என்று கோதண்டம், அப்பா வைத்துவிட்டுப் போன பழைய வெல்டிங் ராடைப் போட்டுப் பற்றவைத்தான். யானை முட்டினாலும் விடாது.

வடமலை ஆக்ஸாவை எடுக்கக் கை நீட்டினான். பிறகு கையை இழுத்துக்கொண்டான். கல்யாணம்தான் முடிந்துவிட்டதே. அடுத்த விசேஷம் என்ன என்று மூன்று பேரும் தலையைச் சொறிந்தார்கள்.

செண்பகவல்லி குனிந்த தலை நிமிராமல், "வளைகாப்புதான் வரும்" என்றாள்.

வடமலைக்கு நிம்மதி ஆயிற்று. மில்காரரின் ஆளிடம் திரும்பி, "நீங்க புறாவை இப்பவே கொண்டாந்து விடலாம். உள்ள இன்னும் இடம் இருக்கு" என்றான்.