செல்லாயிக்குத் தலையாடிச் சீர்

மொட்டைப்பனையேந்தல்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் என்னென்னவோ சொல்வார்கள். அதையெல்லாம் நம்ப வேண்டாம். அவர்கள் யோசிக்காமல் எதையும் செய்ய மாட்டார்கள். யோசித்துச் செய்ததுதான் ஒவ்வொரு தடவையும் வினையாகப் போயிருக்கிறது.

மழை முடிந்ததும் அந்த ஊர்க் கண்மாய்க்குக் கூழைக்கடாப் பறவைகள் வரும். ஒரு மார்கழியில் அவற்றில் ஒன்று மீன்வலையில் சிக்கி இறக்கையைக் கிழித்துக்கொண்டது. மடை திறக்கிற மாயழகு அதைத் தோளில் போட்டு வீட்டுக்குத் தூக்கிவந்தார். பிள்ளை இல்லாத வீடு. அலகுக்கு அடியில் தொங்கிய பையை அவர் மனைவி வெள்ளையம்மா உற்றுப் பார்த்தாள். "பையோட வந்திருக்கு, தங்கத்தான் வந்திருக்கு" என்றாள். செல்லாயி என்று பேரும் வைத்தாள்.

மூன்று மாதம் ஊரே கெண்டையும் கெளுத்தியும் கொண்டுவந்து கொட்டியது. செல்லாயி தெருவில் அசைந்து அசைந்து நடந்தால் மாட்டுவண்டிகூட ஒதுங்கி நின்றது. மாயழகு அதன் பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு போவார். தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த பறவை நனைந்துவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை.

பங்குனியில் இறக்கை ஆறியது. பறவைகளை ஆராய்ச்சி செய்கிற சார் ஒருவர் டவுனிலிருந்து வந்தார். ஒல்லியான மனிதர். செல்லாயியைக் கரையிலிருந்த துவைகல்லின் மேல் நிறுத்தி, காலைப் பிடித்து, பளபளவென்று ஒரு வளையத்தை மாட்டினார். செல்லாயி கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தது.

"அவ்வளவுதான், விட்டுரலாம். இதை மறுபடி எங்கயாவது பாத்தா எனக்கு ஒரு கடுதாசி போடுங்க" என்று விலாசத்தைக் கொடுத்துவிட்டு அவர் ஸ்கூட்டரில் கிளம்பினார். செல்லாயி ஒரு வட்டமடித்து வடக்கே பறந்து மறைந்தது.

மாயழகு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது ஓய்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. உடனே ஊரைக் கூட்டினார்.

"கல்லு மேல நிறுத்துனாரு. காலைப் பிடிச்சாரு. மெட்டி போட்டாரு. இந்தக் கண்ணால பாத்தேன்."

நாட்டாமை சாத்தையா மீசையைத் தடவினார். "அது மேல பாத்துச்சா?"

"பாத்துச்சுங்க."

"அருந்ததி பாத்திருக்கு. அப்ப கல்யாணந்தான், சந்தேகமே இல்ல."

"பட்டப்பகல்ல அருந்ததி எப்படித் தெரியும்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏன், உன் கல்யாணத்துல தெரிஞ்சுச்சா?"

ஆனாலும் வெள்ளையம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு காலுக்குத்தான போட்டாரு?"

"இன்னொண்ணு மறுவீட்டுல போடுவாரு, தாயீ" என்றார் நாட்டாமை.

வளையத்தில் 413 என்று பொறித்திருந்ததை மாயழகு பார்த்து வைத்திருந்தார். அஞ்சாவது வரைக்கும் படித்த சேதுமணி அதற்கு விளக்கம் சொன்னார். "மாப்ள வீட்டுக் கதவு நம்பரு. புதுப்பொண்ணு வழி தவறிரக் கூடாதுல்ல?" படித்தவர் படித்தவர்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் மெட்டி போட்டது கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மாப்பிள்ளை உத்தியோகஸ்தர், ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். மாயழகு தேறிக்கொண்டார். ஆனியில் மறுபடி அவருக்கு ஏக்கம் பிடித்துக்கொண்டது. ஆடி வருகிறது. கட்டிக்கொடுத்த பெண்ணைத் தலையாடிக்கு, அதாவது முதல் ஆடிக்கு, தாய்வீட்டுக்கு அழைக்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்? அதைவிட, செல்லாயியைப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"மாப்பிள்ளை அவர்களுக்கு, செல்லாயியை ஆடிக்கு அனுப்பி வைக்கவும்" என்று சேதுமணி எழுதினார். 'மாப்பிள்ளை' என்பதைக் கிராமத்து மரியாதை என்று எடுத்துக்கொண்ட சார் பதில் போட்டார்: "கண்மாயில் தண்ணீரும் மீனும் இருந்தால் அது தானாக வரும். வந்தால் அவசியம் எழுதவும்."

"மாப்ள கறாரான ஆளு" என்றார் நாட்டாமை.

கண்மாயோ வெடித்துக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு கிணறு இருந்தது. ஊரே வரிசையில் நின்று அந்தக் கிணற்றில் இறைத்து, பத்தடி தள்ளிக் கண்மாயில் கொட்டியது. எத்தனை குடம் இறைத்தாலும் கிணற்றில் தண்ணீர் குறையவே இல்லை. அதிசயம் பொறுக்காமல் கிணற்றுக்குப் பொங்கல் வைத்தார்கள். பதினேழு நாளில் எருமை படுக்கிற அளவுக்கு ஒரு குட்டை தேங்கியது. மீனுக்கு எங்கே போவது? ரெண்டு கூடை கருவாட்டை வாங்கிக் கொட்டினார்கள்.

"செத்த மீனாச்சே?" என்றார் மாயழகு.

"காஞ்சு போயிருக்கு. ஊறுனா சரியாயிரும்" என்றார் சேதுமணி.

ஆடிப் பதினெட்டு அன்று சேலை, வளையல், பூ எல்லாம் தாம்பாளத்தில் வைத்து மொத்த ஊரும் கரையில் காத்திருந்தது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஏழு கடுதாசி வந்தபின் பறவைக்கு ஏதோ ஆபத்து என்று பயந்து சார் ஓடிவந்திருந்தார். தனியாக.

மாயழகு ஸ்கூட்டரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "செல்லாயி எங்க மாப்ள?"

"எங்க இருக்கோ, எனக்கு எப்படித் தெரியும்?"

வெள்ளையம்மாவின் கையிலிருந்த தாம்பாளம் நழுவி விழுந்தது. "போட்டவருக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியும்?"

"அம்மா, நான் இதுவரைக்கும் நானூத்திப் பதிமூணு பறவைக்குப் போட்டிருக்கேன். ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

"அப்ப அது கதவு நம்பர் இல்ல" என்றார் சேதுமணி மெதுவாக.

மாயழகு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நானூத்திப் பதிமூணாந் தாரமாவா எம்பிள்ள வாக்கப்பட்டுச்சு!"

"அதான் இவரு இப்படி மெலிஞ்சு கிடக்காரு" என்று வெள்ளையம்மா கண்ணைத் துடைத்தாள்.

"இருந்தாலும் அத்தனை பேருக்கும் வெள்ளியில போட்டிருக்காரே" என்று நாட்டாமை சமாதானம் பண்ணப் பார்த்தார்.

"வெள்ளி இல்லைங்க, அலுமினியம்" என்றார் சார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

யார் முதலில் கை ஓங்கியிருப்பார்களோ தெரியாது. அதற்குள் தலைக்கு மேலே பெரிய நிழல் ஒன்று விழுந்தது. கூழைக்கடா ஒன்று குட்டையில் தொப்பென்று இறங்கியது. காலில் வளையம். "செல்லாயீ!" என்று மாயழகு வேட்டி நனைய உள்ளே ஓடினார். அப்போது இன்னொரு கூழைக்கடாவும் இறங்கி, செல்லாயியை ஒட்டி நின்றுகொண்டு கருவாட்டை அள்ளியது. அதன் காலில் ஒன்றும் இல்லை.

ஊர் சாரைத் திரும்பிப் பார்த்தது. கட்டிய புருஷனின் கண்ணெதிரிலேயே!

சாரோ நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஜோடியோட வந்திருக்குங்க!"

நாட்டாமை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மாயழகுதான் குட்டைக்குள் நின்றபடியே வெகுநேரம் யோசித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நாட்டாமை, நியாயம்னா ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். அவருக்கு நானூத்திப் பதிமூணு. எம்பொண்ணுக்கு இப்பத்தான் ரெண்டு."

நாட்டாமைக்கு அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. சேதுமணி தன் விரல்களும் பக்கத்தில் நின்றவர்களின் விரல்களும் தீர்ந்த பிறகு ஒருவழியாகச் சொன்னார்: "இன்னும் நானூத்திப் பதினோரு மாப்ள வரணும்."

"ஆத்தாடி, இந்தக் குட்டை எப்படிக் காணும்?" என்று வெள்ளையம்மா சேலையை வரிந்து கட்டினாள்.

ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிணற்றடியில் வரிசை கட்டியது. வரிசையின் முதலில் சாரை நிறுத்திக் கையில் பெரிய குடமாகப் பார்த்துக் கொடுத்தார்கள். மூத்த மாப்பிள்ளை ஆயிற்றே.